தேசிக்காயைக் கீரையில பிழிங்க, முகத்தில வேண்டாம்

தேசிக்காயும் சீனியும் கலந்து முகத்தில தேய்க்கச் சொல்ற வீடியோவை அனுப்பி, "அக்கா, இது நல்லதா?" என்று கேட்கிற தங்கச்சிமார் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடுறேன். தனித்தனியா சொல்லி மாளல.

நான் ஹட்டன் பக்கம் பியூட்டி பார்லர் வைச்சிருக்கிறவள். வீட்டிலேயே செய்துக்கங்க என்று சொன்னா எனக்குத்தான் நட்டம். பரவாயில்ல. எண்ணெய், கடலை மா, கற்றாளை, வெந்தயம் எல்லாம் நல்லதுதான். ஆனா "இயற்கை அழகு" என்று இப்போ போன்ல சுத்துற குறிப்புகளைப் பாருங்க. தோலைப் பாதுகாக்கிற பேச்சு கொஞ்சம், வெள்ளையாகிற பேச்சுதான் மிச்சம் எல்லாம். அங்கேதான் எனக்குக் கோபம் வருது.

தேசிக்காயிலிருந்தே தொடங்குறேன். மலையில தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு வந்தா விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். கொழுந்துச் சாறு காத்துப் பட்டுக் கறுக்கிற கறை அது. அம்மாமார் பிழிஞ்ச தேசிக்காய்த் தோலில உப்புத் தொட்டுத் தேய்ப்பாங்க, கொஞ்சம் வெளுக்கும். பிளேன்டீயில தேசிக்காய் விட்டதும் சாயம் வெளிறுதே, அதே கதைதான். இதைப் பார்த்துப் பார்த்தே தேசிக்காய் எதையும் வெளுக்கும் என்ற நம்பிக்கை நம்ம லயங்களில ஊறிப்போச்சு என்று நான் நினைக்கிறேன். ஆனா விரல்ல இருக்கிறது வெளியில ஒட்டின கறை. உங்க நிறம் தோலுக்குள்ள உருவாகிற மெலனின். பிறந்த நிறத்தைச் சாறு ஊத்திக் கழுவ முடியாது, கழுவ வேண்டிய அவசியமும் இல்ல.

கழுவப் போனா என்ன நடக்கும்? தேசிக்காய்ச் சாறோட பிஎச் அளவு 2க்கும் கொஞ்சம் மேல. நம்ம தோல் 5க்குப் பக்கத்தில. அந்தக் கணக்கில ஒரு எண் இறங்கினாலே அமிலம் பத்து மடங்கு கூடும், அப்போ பார்த்துக்குங்க. அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கு. தேசிக்காயில, முக்கியமா அதன் தோலில, ஃபியூரனோகூமரின் என்ற பொருள் இருக்கு. அது முகத்தில இருக்கிற நேரத்தில வெயில்பட்டா ஒன்றிரண்டு நாளில சிவக்கும், எரியும், சிலருக்குக் கொப்புளம் போடும். கடைசியில மண்ணிறத் திட்டா நிற்கும், வாரக்கணக்கில, சிலருக்கு மாசக்கணக்கில. வெள்ளையாகப் போய்த் திட்டோட வந்து என் கதிரையில உட்கார்ற பிள்ளைகளைப் பார்க்கப் பாவமா இருக்கும்.

"இங்க எங்கக்கா வெயில்?" என்று கேட்பீங்க. மலையில இருக்கிற நமக்கு இதுதான் புரியிறதில்ல. குளிரா இருந்தா வெயில் இல்ல என்று நினைக்கிறோம். உடம்பு சுடுறதுக்கும் தோல் கருகுறதுக்கும் சம்பந்தம் இல்ல. தோலைக் கருக்குறது புற ஊதாக் கதிர். ஆயிரம் மீற்றர் ஏற ஏற அது ஏறக்குறைய பத்து வீதம் கூடும். நுவரெலியா டவுன் கடல் மட்டத்துக்கு மேல 1868 மீற்றர். கொழும்பில நிற்கிறவங்களை விட நம்ம தலைக்கு மேலதான் அது காட்டமா இறங்குது. மெல்லிய மேகமும் மூடுபனியும் அதைப் பெருசா மறிக்காது. பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் மலையில நிற்கிற ஒருத்திக்கு எந்த முகப்பூச்சையும் விட அகலமான விளிம்பு வைச்ச தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான் அழகுப் பராமரிப்பு. சன்ஸ்கிரீன் வாங்க முடிஞ்சா வாங்குங்க. நாட்சம்பளத்தில அது எத்தனை வீட்டுக்குக் கட்டும் என்று எனக்கும் தெரியும்.

அடுத்து முடி. "என்ன எண்ணெய் வைச்சா முடி வளரும்?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில், எந்த எண்ணெயும் வளர்க்காது. தேங்காய் எண்ணெய் செய்யிற வேலை வேற. அது முடிக்குள்ள இறங்கி, கழுவும்போது முடியிலிருந்து புரதம் கழன்று போறதைக் குறைக்கும். 2003இல் வந்த ஒரு இந்திய ஆய்வில சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஒயிலும் இதைச் செய்யல, தேங்காய் எண்ணெய் மட்டும் செய்தது. (அந்த ஆய்வைச் செய்தவங்க தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனியோட ஆட்கள் என்பதையும் மனசில வைச்சுக்குங்க. ஆனாலும் முடிவு சரி என்றுதான் எனக்குப் படுது.) அதனால குளிக்கப் போறதுக்கு முன்னாடி நுனி வரைக்கும் தடவினாப் போதும். எண்ணெய் 24 பாகைக்குக் கீழ உறையும், அதனால நம்ம வீட்டுப் போத்தல் காலையில கட்டியாத்தான் இருக்கும். கலப்படம் என்று பயப்பட வேண்டாம். சுடுதண்ணிப் பாத்திரத்தில நிற்க வைங்க. பிளாஸ்டிக் போத்தலை அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க.

பொடுகு இருக்கிறவங்க மட்டும் எண்ணெயை ராத்திரி முழுக்க ஊற விடாதீங்க. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. பீலித் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு என்று வாரத்துக்கு ஒருக்கா மட்டும் தலை முழுகி, மிச்ச நாளெல்லாம் கம்பளித் தொப்பியில மூடி வைச்சிருந்தா பொடுகு போகவே போகாது.

முடி கொட்டுதுன்னு வர்ற தோட்டத்து அக்காமாரில நான் முதல்ல பார்க்கிறது உச்சந்தலைக்கு முன்பக்கம். தலையில மாட்டுற கொழுந்துக் கூடைக் கயிறு பதியிற இடம். வருஷக்கணக்கா பாரம் அந்த ஒரே கோட்டில இழுத்தா வேர் செத்துப்போகும். அதுக்குப் பிறகு செவ்வரத்தம் பூவும் கறிவேப்பிலையும் காய்ச்சி ஊத்தினாலும் முளைக்காது. முடி மெலியத் தொடங்கும்போதே மடிச்ச துணியைக் கனமா வைக்கணும், கயிறு பதியிற இடத்தை மாத்திக்கிட்டே இருக்கணும், தோளில மாட்டுற பை கிடைக்கிற தோட்டமா இருந்தா அதைக் கேட்டு வாங்கணும். அந்த இடத்தில இறுக்கிக் கொண்டையும் போடாதீங்க.

இன்னொன்று சாப்பாடு. தலை முழுக்க மெலிஞ்சு, நகம் வெளிறி, படி ஏறினா மூச்சு வாங்குறவங்களுக்கு இரும்புச்சத்துக் குறைவா இருக்கலாம். கிளினிக்கில இரத்தம் பாருங்க. நம்ம பழக்கமும் இதில சேருது. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோட ஒரு கோப்பை தேத்தண்ணி. சாப்பாட்டில இருக்கிற இரும்பை உடம்பு எடுக்க விடாம தேயிலை தடுக்கும். நாமளே பறிச்ச கொழுந்து என்று அது சலுகை காட்டாது. ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிங்க. வல்லாரைச் சம்பலிலயும் பொன்னாங்காணியிலயும் தேசிக்காயைப் பிழிங்க. அதில இருக்கிற வைட்டமின் சி இரும்பை உடம்புக்குள்ள இழுத்துக் கொடுக்கும். தேசிக்காய்க்கு உரிய இடம் அதுதான்.

மற்றதெல்லாம் சுருக்கமா. கடலை மாவும் பயத்தம் மாவும் சவர்க்காரத்துக்குப் பதிலா நல்லது, ஆனா நம்ம குளிரில தோல் ஏற்கனவே வறண்டு கிடக்கு, தினமும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். கற்றாளையை வெட்டினதும் வடியிற மஞ்சள் பாலை முழுசா வடிய விட்டுக் கழுவிட்டுப் பூசுங்க, அந்தப் பால்தான் அரிக்கும். ஊற வைச்சு அரைச்ச வெந்தயம் முடியை வழுவழுப்பாக்கும், சிக்கெடுக்கச் சுகம். மஞ்சளை முதல்ல முழங்கைக்கு உள்பக்கம் பூசிப் பார்க்கணும், சிலருக்கு ஒத்துக்காது. 2020இல் இறக்குமதியை நிறுத்தி மஞ்சள் விலை ஆயிரக்கணக்கில ஏறின காலத்தில தூளில என்னென்ன கலந்தாங்களோ, அதிலிருந்து நான் கிழங்கை வாங்கி உரசுறதுதான். அப்பச்சோடாவும் பற்பசையும் முகத்துக்கானது இல்ல. பித்தவெடிப்புக்கு ராத்திரி காலை ஊற வைச்சுத் துடைச்சு, ஈரம் காயிறதுக்குள்ள எண்ணெயோ வசிலினோ பூசி, காலுறை போட்டுப் படுங்க. பெரும்பாலும் வேற மருந்து தேட வேண்டியதில்ல.

இந்த வீட்டுக் குறிப்பு எதிலயும் வெள்ளை கிடைக்காதபோதுதான் பிள்ளைகள் டப்பாவுக்குப் போறாங்க. லேபல் இல்லாத "மிக்ஸ் கிரீம்". ஒரு வாரத்தில முகம் பளிச்சென்று ஆகுதென்றால் உள்ள ஸ்டீரொயிட்டோ பாதரசமோ இருக்கு என்று சந்தேகப்படுங்க. ஸ்டீரொயிட் தோலை மெலிசாக்கும், நிறுத்தினா முகம் சிவந்து எரியும், பருவாக் கொட்டும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசினவளோட கையிலிருந்தும் தலையணையிலிருந்தும் பக்கத்தில படுக்கிற பிள்ளைக்கும் போகும். பாதரசம் கலந்த அழகு கிரீம்களைத் தடை செய்யிற மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையில இலங்கையும் சேர்ந்திருக்கு. ஆனா தடை காகிதத்தில, டப்பா கடையில.

ஏற்கனவே மாசக்கணக்கா பூசிக்கிட்டு இருக்கிறவங்க, தயவுசெய்து என்கிட்ட ஃபேஷியலுக்கு வராதீங்க. அந்த முகத்தில கை வைக்க மாட்டேன். அரசாங்க ஆஸ்பத்திரியில தோல் கிளினிக் இருக்கிற இடத்துக்குப் போங்க. போகும்போது அந்த டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க. வெட்கப்பட்டு வீட்டில வைச்சுட்டுப் போனா, என்ன பூசினீங்க என்று டொக்டருக்கு எப்படித் தெரியும்?