"நாங்க அயர்லாந்துக்காரங்க"ன்னு சொன்ன அடிமை

மார்ச் 17, அயர்லாந்தோட பாதுகாவலரான புனித பத்திரிசியார் (செயின்ட் பேட்ரிக்) திருநாள் வந்தாலே ஃபீட் பூரா பச்சை கலராயிடுது, சிகாகோல 1962ல இருந்து ஆத்துத் தண்ணியையே பச்சையாக்குறாங்க. புனித பத்திரிசியார்னு சொன்னா நம்ம பங்கு மக்களுக்கும் தெரிஞ்சது ரெண்டே கதைதான். பாம்பையெல்லாம் விரட்டுனாரு, மூணு இலை காட்டி மூவொரு கடவுளை விளக்குனாரு. அயர்லாந்துல பனியுகத்துக்கு அப்பறம் பாம்பே கிடையாது, அந்த இலை கதை அவர் இறந்து ஆயிரம் வருஷத்துக்கும் பின்னாடி வந்தது. சொல்றவங்க சொல்லட்டும், எனக்கு அதுல கோபம் இல்ல. ஆனா அந்த மனுஷன் தன் வாயாலயே சொன்ன கதை ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டேங்குறாங்களேன்னுதான் மனசு கிடந்து அடிச்சுக்குது.

அவர் எழுதினதா ரெண்டு எழுத்து நமக்குக் கிடைச்சிருக்கு, ரெண்டும் லத்தீன்ல, 5ஆம் நூற்றாண்டுல எழுதினது. ஒண்ணு 'கன்ஃபெஸியோ', தன் வாழ்க்கையைப் பத்தி. இன்னொண்ணு கொரோட்டிக்கஸ்ங்கிற பிரிட்டன் தலைவனோட படைவீரங்களுக்கு எழுதின கடிதம்.

கன்ஃபெஸியோ எடுத்த எடுப்புலயே, நான் பத்ரிக், ஒரு பாவி, படிப்பறிவு இல்லாத பட்டிக்காட்டான்னுதான் ஆரம்பிக்குது. படிக்க வேண்டிய வயசுல ஆளைத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன பண்ணுவாரு? பிரிட்டன்ல வசதியான வீட்டுப் பையன், அப்பா தியாக்கோன் (குருவுக்கு அடுத்த நிலைத் திருத்தொண்டர்), தாத்தா குரு (அப்போ குருக்களும் கல்யாணம் பண்ணிக்கலாம்), 16 வயசு ஆகுறதுக்குள்ள அயர்லாந்து கொள்ளைக்காரங்க புடிச்சிட்டுப் போய் அடிமையா வெச்சிட்டாங்க. 6 வருஷம் மந்தை மேய்ச்சிருக்காரு. பனியிலயும் மழையிலயும் விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு பகல்ல நூறு ஜெபம், ராத்திரி கிட்டத்தட்ட அதே அளவு சொல்லுவேன்னு எழுதுறாரு. அப்பறம் ஒரு ராத்திரி உன் கப்பல் ரெடியா இருக்குன்னு தூக்கத்துல ஒரு குரல் கேட்டு, 200 மைல் தாண்டி கடற்கரைக்குப் போய், கெஞ்சிக் கூத்தாடி கப்பல் ஏறி, எப்படியோ ஒருநாள் வீடு வந்து சேர்ந்துட்டாரு. இனிமே எங்களை விட்டு எங்கயும் போயிடாதப்பான்னு சொந்தக்காரங்க எல்லாம் கெஞ்சுறாங்க.

அங்கதான் அந்தக் கனவு. விக்டோரிகஸ்னு ஒருத்தர் கணக்கில்லாத கடிதங்களோட வர்றாரு, ஒண்ணை எடுத்துக் கையில குடுக்குறாரு, பிரிச்சா 'அயர்லாந்து மக்களோட குரல்'னு ஆரம்பிக்குது, படிக்கப் படிக்கவே மேற்குக் கடலோரக் காட்டுப் பக்கத்து ஜனங்க எல்லாரும் ஒரே வாயா, தம்பி நீ வந்து மறுபடியும் எங்க கூட நடந்து திரியேன்னு கூப்பிடுறாங்க. நெஞ்சு உடைஞ்சு போயி, அதுக்கு மேல படிக்க முடியாம முழிச்சிக்கிட்டேன்னு எழுதுறாரு. தன்னைக் கட்டி இழுத்துட்டுப் போன ஊரு அது! அங்கயே பிஷப்பா திரும்பிப் போனாரு.

இதுவரைக்கும்கூட சில பேர் பிரசங்கத்துல சொல்லுவாங்க. ரெண்டாவது எழுத்தைத்தான் யாரும் தொடுறதில்ல.

பத்திரிசியார் அப்பத்தான் கொஞ்சம் பேருக்கு ஞானஸ்நானம் குடுத்திருக்காரு. வெள்ளை உடுப்பு இன்னும் மாத்தல, நெத்தியில பூசின கிறிஸ்மா தைலத்தோட வாசனை போகல, அதுக்குள்ள கொரோட்டிக்கஸ் ஆளுங்க வந்து சில பேரை வெட்டிப் போட்டுட்டு மீதி பேரை அடிமையா ஓட்டிட்டுப் போறாங்க. மறுநாளே, தான் சின்னப் பிள்ளையில இருந்து வளர்த்துப் படிக்க வெச்ச ஒரு குருவானவர் கையில கடிதம் குடுத்து, புடிச்சவங்களை விட்டுடுங்கன்னு கேட்டு அனுப்புறாரு. அவங்க சிரிச்சாங்களாம். இத்தனைக்கும் அவங்க பேருக்குக் கிறிஸ்தவங்க. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் உறுதிபூசுதல் நாள் ஞாபகம் வந்துரும், பிஷப் நெத்தியில சிலுவை போட்ட தைலம், அந்த வாசனை போயிடக் கூடாதுன்னு சாயங்காலம் வரைக்கும் அம்மா முகம் கழுவ விடல. அந்த வாசனையோட கழுத்துல கயிறுன்னு நினைச்சாலே எனக்கு உடம்பு பதறுது.

அதுக்கப்பறம்தான் நம்ம கையில இருக்குற கடிதத்தை எழுதுறாரு. இவங்களை என் ஊர்க்காரங்கன்னு சொல்ல மாட்டேன், பேய்களோட ஊர்க்காரங்கன்னு சொல்லுவேன், இவங்க கூட உக்காந்து சாப்பிடாதீங்க, இவங்க குடுக்குற காசை வாங்காதீங்க, புடிச்சவங்களை விடுதலை பண்ணிக் கண்ணீரோட மனம் திரும்புற வரைக்கும்னு சொல்றாரு. கால்லியா (இன்னைக்கு பிரான்ஸ் இருக்குற பக்கம்) நாட்டுக் கிறிஸ்தவங்க ஆயிரக்கணக்குல காசு குடுத்து அடிமைகளை மீட்டுட்டு வர்றாங்க, நீங்க அவங்களைக் கொன்னு, கடவுளைத் தெரியாத ஜனங்களுக்கு விக்கிறீங்களேன்னு கேக்குறாரு. நடுவுல ஒரு வரி வருது, நாங்க அயர்லாந்துக்காரங்கங்கிறது அவங்களுக்குக் கேவலமா இருக்குன்னு. அந்த 'நாங்க'வைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பிரிட்டன்ல பிறந்து, அயர்லாந்துக்காரன் கையால அடிமையானவன், வெட்டுப்பட்ட ஜனத்தோட சேர்ந்து நின்னு தன் சொந்த நாட்டுக்காரனைப் பாத்து சொன்ன 'நாங்க' அது.

கன்ஃபெஸியோலயும் அடிமைப் பொம்பளைங்கதான் எல்லாரையும் விட அதிகமா கஷ்டப்படுறாங்கன்னு தனியா எழுதுறாரு, மிரட்டலையும் பயத்தையும் தாங்கிக்கிட்டு விசுவாசத்துல நிக்குறாங்கன்னு. அந்தக் காலத்துல இதை யாரு கவனிச்சு எழுதுனா? அனுபவிச்சவனுக்குத்தான் அது கண்ணுல படும்.

சென்னை அடையார்ல அவர் பேர்ல பள்ளிக்கூடம் இருக்கு, யாழ்ப்பாணத்துல 1850ல தொடங்கின கல்லூரி இருக்கு, நம்ம வீடுகள்ல எத்தனை பேட்ரிக், பத்திரிசியா. பேரு வெச்சவங்களுக்குக்கூட இந்தக் கடிதம் தெரியாது. டப்ளின் டிரினிட்டி காலேஜ் நூலகத்துல 'அர்மா புத்தகம்'னு ஒண்ணு இருக்கு, 807 வாக்குல கையால எழுதினது, அதுல கன்ஃபெஸியோவைச் சுருக்கி எழுதிட்டு இதுவரைக்கும் பத்ரிக் தன் கையால எழுதினதுன்னு போட்டிருக்காங்க. கொரோட்டிக்கஸ் கடிதம் அதுல இல்லவே இல்ல, வேற பிரதிகள்ல இருந்துதான் நமக்குக் கிடைச்சிருக்கு.

அந்தக் கடிதத்தோட கடைசியில அவரே கெஞ்சிக் கேட்டிருக்காரு, இதை யாரும் பறிச்சிடவோ மறைச்சிடவோ வேணாம், எல்லா ஜனங்க முன்னாடியும், கொரோட்டிக்கஸ் இருந்தா அவன் முன்னாடியும் சத்தமா வாசிங்கன்னு. அடுத்த மார்ச் 17க்கு அவர் பேர்ல கோயில் இருக்குற பங்குகள்ல பூசை முடிஞ்சு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி அதை வாசிச்சா என்ன? எங்க பங்குத்தந்தைகிட்ட நான் இந்த ஞாயித்துக்கிழமையே கேக்கப் போறேன், தமிழ்ல எழுதிக் குடுக்குறேன் ஃபாதர், நானே வாசிக்கிறேன்னு.