தொட்டிக்கு ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும் வீடு

கிணற்றுத் தண்ணீர் உள்ள வீடா, கொடுத்துவைத்தவர் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் நாகர்கோவிலை அடுத்து நான் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டின் குழாய்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினால் நன்றாயிருக்கும். கிணற்றின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தக் கிணற்றுக்கும் என் குளியலறைக்கும் நடுவே வீட்டு உரிமையாளர் பிளம்பரை அண்டவிடாமல் தம் கையாலேயே செய்து வைத்திருக்கும் வேலைதான் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம்.

மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற ஒரு குழாய், அங்கிருந்து வீட்டுக்குள் இறங்க வேறொரு குழாய் என்பது ஊரறிந்த ஏற்பாடு. இங்கே இரண்டும் ஒன்றுதான். மோட்டாரிலிருந்து கிளம்பும் குழாய் தொட்டியின் அடிப்பக்கத்தில் போய்ச் சேர்கிறது. வழியிலேயே ஆங்காங்கே டீ (குழாயை இரண்டாகப் பிரிக்கும் T வடிவ இணைப்பு) போட்டுச் சமையலறைக்கும் குளியலறைக்கும் பிரித்திருக்கிறார். "தண்ணி ஒண்ணுதானே, அதுக்கு எதுக்கு ரெண்டு பைப்பு?" என்பது அவருடைய பொறியியல். ஆகவே மோட்டாரை நிறுத்தியதும் தொட்டித் தண்ணீர் வந்த வழியே திரும்பிவிடாமல் காப்பது கிணற்றின் ஆழத்தில் குழாயின் அடிமுனையில் கிடந்து, தண்ணீரை மேல்நோக்கி மட்டும் விடும் ஃபுட் வால்வு ஒன்று மட்டுமே. அதன் வாயில் ஒரு மணல் துணுக்கு சிக்கிக்கொண்டால், இரவு நிரப்பிய தொட்டி விடிவதற்குள் கிணற்றில் இறங்கிவிடுகிறது. சில நூறு ரூபாய்க்கு தண்ணீரைத் திரும்ப விடாமல் தானே மூடிக்கொள்ளும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வாங்கிப் போடுவதை விட்டுவிட்டு, மோட்டாருக்குப் பக்கத்தில் கையால் திருகித் திறந்து மூடும் ஒரு கேட் வால்வை வைத்து, மோட்டார் போடும் முன் திற, நிறுத்தியதும் மூடு என்று குடியிருப்பவருக்கு வேலை வைத்திருக்கிறார்! மூட மறந்தால் தொட்டி காலி. திறக்க மறந்தால், சைக்கிள் டியூப் சுற்றி, அதன்மேல் செம்புக் கம்பி முறுக்கி, அதற்கும் மேல் எம்-சீல் பசை அப்பியிருக்கும் அந்தப் புண்ணிய இணைப்பு பிளந்துகொண்டு சுவரெல்லாம் பீய்ச்சுகிறது.

கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் மோட்டார் இழுக்காமல் போகிறது. மேலே நிற்கும் மோட்டார் தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோமே தவிர, உண்மையில் காற்றழுத்தம்தான் அதைக் குழாய்க்குள் தள்ளுகிறது, கணக்குப்படியே 10.3 மீட்டருக்கு மேல் அது தள்ளாது, நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினாலே தடுமாறும். மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி வைக்க வேண்டும், அல்லது நீர்மூழ்கி மோட்டார் போட வேண்டும். உரிமையாளரோ குழாயை இன்னும் நீட்டினார், கூடவே குழாயை வளைத்துத் திருப்பும் இரண்டு எல்போவையும் சேர்த்தார். எந்த இணைப்பு வழியாகவோ காற்று புகுந்துகொள்வதால், ஒவ்வொரு முறையும் வாளியும் புனலுமாக நின்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

மோட்டாரைக் கழற்றிப் பழுதுபார்க்கலாம் என்றால், இந்த வீட்டில் எங்குமே ஒரு யூனியன் (குழாயை அறுக்காமல் திருகிக் கழற்றும் இணைப்பு) கிடையாது. எல்லாம் சொல்யூஷன் போட்டு ஒட்டிய ஒட்டு. ரம்பத்தால் குழாயை அறுத்தால்தான் மோட்டார் வெளியே வரும், மறுபடி மாட்டும்போது அறுத்த முனைகளைச் சேர்க்க இன்னொரு கப்ளிங் ஏறும். வாஷிங் மெஷினுக்குப் போகும் குழாய் கரண்டு வயர் இழுக்கும் பைப் என்பதையும், ஹீட்டரிலிருந்து வெந்நீர் வர, சூட்டைத் தாங்கும் சிபிவிசி குழாய் போடாமல் சாதாரண பிவிசி போட்டதால் அது இளகித் தொய்ந்து தொங்குவதையும் எழுதப் போனால் என் இரத்த அழுத்தம்தான் ஏறும். கழிவறைக் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒரு வால்வு இருக்கிறது. அது எதைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்று கேட்டால், வைத்தவரே "அத மட்டும் தொடாதீங்க" என்கிறார்.

"முப்பது வருஷமா ஓடுற லைன்" என்று ஒவ்வொரு புகாருக்கும் அவர் பெருமை அடித்துக்கொள்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஓடியது எப்படி என்பதை, ஏற்றிய தண்ணீரையே திரும்பத் திரும்ப ஏற்றி மின்கட்டணம் கட்டும் என்னிடமல்லவா கேட்க வேண்டும்? இந்த அழகில், மாடியில் புதிதாகக் கட்டும் அறைக்கும் இதே குழாயிலிருந்து ஒரு டீ எடுக்கப் போவதாக நேற்று அளவு நாடாவுடன் வந்து நிற்கிறார்.