எல்லா குதிரைக்கும் செட் ஆகும்னு சொன்னவன் வந்து என் குதிரைக்கு ஒரு தடவை போட்டு காட்டட்டும்

இந்த ட்ரீலெஸ் சேடில் விக்கறவங்க யாராச்சும் குதிரை முதுக கையால தொட்டு பாத்திருக்காங்களான்னு எனக்கு உண்மையிலேயே சந்தேகமா இருக்குங்க. வயித்தெரிச்சல்ல எழுதறேன், நீளமா போகும், பொறுத்துக்கங்க.

குதிரை பக்கமே போகாதவங்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரண சேணத்துக்குள்ள ஒரு கெட்டியான சட்டம் இருக்கும், மரத்துலயோ ஃபைபர்லயோ செஞ்சு ஸ்டீல் பட்டை அடிச்சிருப்பாங்க, அதத்தான் ட்ரீங்கறது. உக்கார்றவன் எடை முதுகெலும்பு மேல நேரா எறங்காம ரெண்டு பக்கத்து சதைக்கும் பிரிச்சு விடறதுதான் அதோட வேலை, நடுவுல எலும்புக்கு மேல ஒரு சந்து காலியா நிக்கும். ட்ரீலெஸ்ல அந்த சட்டம் கெடையாது. தோலு, ஃபோம், ஃபெல்ட்டு, அவ்ளோதான். அதனால குதிரை முதுகு எந்த ஷேப்ல இருந்தாலும் அப்படியே வளைஞ்சு உக்காந்துக்கும்னு சொல்லித்தான் விக்கறாங்க.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டுச்சுன்னா என்கிட்ட இருக்கறது மார்வாரி பொட்டக்குதிரை, வயசு அஞ்சு, இன்னும் ஒடம்பு போட்டுட்டே இருக்கா. கோடைல கொஞ்சம் இளைப்பா, மழை பேஞ்சு பசும்புல்லு கெடைச்சா முதுகு ரொம்பிரும், அதனால சட்டம் வச்ச சேணம் பங்குனில பொருந்துச்சுன்னா ஐப்பசில கடிக்கும். இங்கிலாந்துல இதுக்குன்னே மாஸ்டர் சேட்லர்ஸ் சொசைட்டின்னு 1966ல இருந்து ஒரு சங்கம் வச்சிருக்காங்க, பரீட்சை எழுதி பாஸான ஃபிட்டர் லாயத்துக்கே வந்து முதுகு அளவெடுத்து உள்ள இருக்கற கம்பளிய கூட்டி கொறைச்சு சரி பண்ணி குடுத்துட்டு போவாரு. நமக்கு? அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடி திருவிழால மார்வாரி, காத்தியாவாரின்னு எத்தனையோ குதிரை வந்து நிக்குது, லட்சக்கணக்குல வெல பேசறாங்க, வாங்கிட்டும் போறாங்க. அங்க நின்னு இந்த பக்கம் சேணம் பொருத்தி பாத்து குடுக்கற ஆள் யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டா "கடைல வாங்கி போட வேண்டியதுதானுங்க"ன்னு சிரிக்கறாங்க. அதனாலதான் ஃபிட்டரே வேண்டாம்னு ஒருத்தன் சொன்னப்ப காதுல தேன் ஊத்தின மாதிரி இருந்துச்சு.

வந்துச்சு பார்சல். தோல் நல்ல தோல்தான், தையல் நல்ல தையல்தான், அதுல குத்தம் சொல்லல. கான்பூர் கைவேலை, வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே பட்டாளத்துக்கு சேணம் தச்ச ஊரு, தையல்ல ஒரு நூல் பிசகாது. ஆனா அங்க தைக்கறதுல பெரும்பகுதி வெளிநாட்டுக்கு போறது, அந்த நாட்டுல இருக்கற பரந்த முதுகு குண்டு போனிகளுக்கு. மார்வாரி முதுகு எப்படி இருக்கும்னு பாத்தவங்களுக்கு தெரியும், கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கற எடத்துல விதர்ஸ்ங்கற மேடு நல்லா ஒசந்து கத்தி மாதிரி மெலிசா நிக்கும். அது மேல சட்டமில்லாத சேணத்த வச்சா என்ன ஆகும்? முன்பக்கம் அப்படியே தொங்கி அந்த மேட்டு மேல ஒக்காந்துரும். ஆள் ஏறாம சும்மா வைக்கறப்ப மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவுல மூணு வெரல் போச்சு. ஏறி உக்காந்ததும் லாயத்துல வேலை பாக்கற பெரியவர் கைய விட்டு பாத்தாரு, சுண்டு வெரல் கூட போகல. "சாமி, இது எலும்பு மேலயே குந்துதுங்க"ன்னாரு. அவரு படிச்சதெல்லாம் ரெண்டாங்கிளாஸ், கேட்லாக் எழுதினவனுக்கு தெரியாதது அவருக்கு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுருச்சு.

உடனே கடைக்காரனுக்கு போன்.

"சார் நீங்க ட்ரீலெஸ் பேட் போட்டீங்களா சார்?"

அது என்ன பேடுன்னு கேட்டா அது தனி ஐட்டமாம். நடுவுல சந்து விட்டு ரெண்டு பக்கமும் பாக்கெட் வச்சு தச்ச பேட், அந்த பாக்கெட்டுக்குள்ள தடிமனா ஃபோமோ ஃபெல்ட்டோ சொருகணும், அது இல்லாம ட்ரீலெஸ் போடவே கூடாதாம் சார். போடவே கூடாதுன்னா அத சேத்தில்லடா விக்கணும்? வாங்கறப்ப ஒரு வார்த்தை சொன்னியா? சேடில் வெலைல பாதிக்கு மேல அந்த பேடோட வெல, அதுக்குள்ள சொருகற ஃபோம் மறுபடியும் தனி. பைக்க வித்துட்டு சீட்டு எக்ஸ்ட்ரான்னு எவனாச்சும் சொன்னா ஷோரூம் கண்ணாடி மிஞ்சுமா?

சரி, வாங்கி தொலைச்சேன். பேட் போட்டா இப்ப உயரம் ஏறிருச்சு, மொத்த சேணமும் முதுகு மேல ஒரு மெத்தை மாதிரி உருளுது. இடது பக்கம் அங்கவடில கால் வச்சு ஏறினா மொத்தமா என் பக்கம் சாயுது. போன் பண்ணா "கீழ இருந்து ஏறக்கூடாது சார், மவுண்டிங் பிளாக் யூஸ் பண்ணுங்க." சரி, லாயத்துல இருந்தா திண்ணை மேல நின்னு ஏறிக்கறேன். வாய்க்கா மேட்டுல எறங்கி ஒண்ணுக்கு போயிட்டு வந்தா எது மேல நின்னு ஏறறது? பொறவு "கர்த் நல்லா இழுத்து கட்டுங்க சார்"ங்கறான். வயித்துப்பட்டைய இழுத்து கட்டினா சாயாதுதான், மூச்சும் விட முடியாது. அதுலயும் பாருங்க, கூட வந்த பட்டை பரந்த நெஞ்சு குதிரைக்கு செஞ்ச அளவு, கடைசி ஓட்டைல மாட்டியும் லொடலொடங்குது, பக்கிள் கரெக்டா முழங்கை மடியற எடத்துல வந்து ஒரசுது. நாலு வெரல் இடம் விட்டு பின்னாடி நிக்க வேண்டிய பட்டை அது.

இன்னும் முக்கியமான காமெடி இருக்கு. முன்பக்கம் தொங்குதுன்னு கம்ப்ளெயின்ட் பண்ணேன் இல்லையா, அதுக்கு ஒரு பிளாஸ்டிக் வளைவு இருக்காம், சேணத்தோட முன்னாடி ஜிப்ப தெறந்து உள்ள சொருகினா விதர்ஸ் மேல படாம தூக்கி நிறுத்துமாம். நேரோ, மீடியம், வைடுன்னு மூணு சைஸாம். எனக்கு வந்ததுல இருந்தது மீடியம். எனக்கு வேணுங்கற நேரோ ஸ்டாக் இல்லையாம். சட்டமே இல்லாததுதான் பெருமைன்னு வித்துட்டு, முன்னாடி ஒரு சட்டத்த சொருகுன்னு சொல்லி, அந்த சட்டத்துலயும் சைஸ் பாத்து வாங்குன்னு சொல்லி, அந்த சைஸும் இல்லைன்னா, அப்பறம் "எல்லா குதிரைக்கும் செட் ஆகும்"ங்கறதுக்கு என்னய்யா அர்த்தம்?

எல்லாம் போட்டு ஒரு நாள் காலைல நல்லா வேர்க்க ஓட்டிட்டு வந்து சேணத்த எறக்கினேன். இது செலவே இல்லாத டெஸ்டு, குதிரை வச்சிருக்கற எல்லாரும் பண்ணுங்க. பேடுக்கு அடில முதுகு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நனைஞ்சிருக்கணும், முதுகெலும்பு மேல மட்டும் காஞ்ச கோடு ஒண்ணு இருக்கணும். எங்க புள்ளைக்கு தலைகீழா இருந்துச்சு. எலும்பு மேலதான் ஈரம், முடி எதிர்ப்பக்கமா சுருண்டு கெடக்கு, அங்கவடி மாட்டற வாருக்கு நேரா ரெண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு காஞ்ச திட்டு. சுத்தி எல்லாம் நனைஞ்சு நடுவுல ஒரு திட்டு மட்டும் காஞ்சிருந்தா அந்த எடத்துல அழுத்தம் தாங்காம வேர்க்கக்கூட முடியலன்னு சந்தேகப்படணும், அப்படியே விட்டா கொஞ்ச மாசத்துல அங்க வெள்ளை முடி மொளைக்கும். வெரல வச்சு லேசா அழுத்தினேன், முதுக கீழ எறக்கி நெளியறா. அவ காது மார்வாரி காது, நுனி ரெண்டும் உள்ள வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு தொட்டுட்டு நிக்கும், அந்த காது பட்டுனு பின்னாடி படிஞ்சுது. அடுத்த நாள் பேட கைல எடுத்துட்டு போறப்பவே படிஞ்சுது.

இதுக்கு காரணம் ஒண்ணும் மர்மம் இல்ல. மலிவான மாடல்ல அங்கவடி ரெண்டையும் ஒரே பட்டைல கோர்த்து சேணத்துக்கு குறுக்க தச்சிருப்பாங்க, துள்ளல்ல நாம எழுந்து உக்கார ஒவ்வொரு தடவையும் அந்த பட்டை முதுகெலும்பு மேல இறுகும். 2012லயே அமெரிக்காவுல மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில ஹிலாரி கிளேட்டன் குழு சேணத்துக்கு அடில அழுத்தம் அளக்கற சென்சார் விரிப்ப வச்சு ரெண்டு வகையையும் ஓட்டி பாத்து எழுதிட்டாங்க, சட்டம் உள்ளதுல எடை பரவற பரப்பு அதிகம், ட்ரீலெஸ்ல ஓட்டறவன் உக்கார்ற எடத்துக்கு நேர் கீழதான் அழுத்தம் குவியுதுன்னு. அவங்க ஓட்டி பாத்தது ஒரு ட்ரீலெஸ் மாடல்தான், எல்லா மாடலும் அப்படின்னு நான் சொல்ல வரல. நல்ல டிசைனும் இருக்கு, வட்டமான முதுகு உள்ள குதிரைக்கு நல்லா உக்காருதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, இருக்கட்டும். ஆனா விதர்ஸ் ஒசந்த ஒல்லி முதுகுக்கு இது கஷ்டம்னு அட்டைல ஒரு வரி போட்டா இவனுங்க வீட்டு கூரை இடிஞ்சா விழும்? இந்தியாவுல விக்கற, அந்தியூர்லயும் ராஜஸ்தான்லயும் பாதி குதிரை இந்த முதுகோடதான் நிக்குது!

அப்பறம் ரிட்டன். அத நெனச்சாலே பத்திக்கிட்டு வருது. "வேர்வை கறை, முடி ஒட்டியிருந்தா ரிட்டன் எடுக்க மாட்டோம்." குதிரைக்கு வாங்கற சாமானத்துல குதிரை முடி ஒட்டாம எப்படிய்யா போட்டு பாக்கறது? பழைய வேட்டிய விரிச்சு அது மேல வச்சு பாக்கணுமாம். பாத்தேனே, மொத நாள் அப்படித்தான் பாத்தேன், நின்ன எடத்துல எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது. ஓட்டாம, வேர்க்காம, எடை எறங்காம எந்த சேணமும் நல்ல சேணம்தான். ஓட்டினா முடி ஒட்டும், முடி ஒட்டினா ரிட்டன் இல்ல.

இதுக்கு நடுவுல அட்வைஸ் மன்னர்கள் வேற. ஒரு ரைடிங் கிளப் அண்ணன் "குதிரைக்கு பழக்கம் இல்ல தம்பி, ரெண்டு மாசம் போட்டு ஓட்டு, பழகிரும்"ங்கறாரு. புண்ணு பழகுமாண்ணா? இன்னொருத்தர் நீ எடை கொறைன்னாரு. சேணத்தோட சேத்து குதிரை எடைல அஞ்சுல ஒரு பங்க தாண்டக்கூடாதுங்கறது எனக்கும் தெரியும், நான் அதுக்கு ரொம்ப கீழதான் இருக்கேன். மூணாவது ஒரு மகராசன் ஜிம்முக்கு வாங்கின யோகா மேட்ட வெட்டி பேடுக்குள்ள சொருக சொன்னாரு. சொருகினேன். முன்னாடி தூக்குச்சு, பின்னாடி எறங்குச்சு, நான் சாய்வு நாற்காலில உக்காந்த தாத்தா மாதிரி கால நீட்டிட்டு போனதுதான் மிச்சம், ரோட்டுல போன பசங்க வீடியோ எடுத்தானுங்க.

இப்போதைக்கு பெரியவர் அவரு பெட்டில இருந்து ஒரு பழைய நம்தாவ எடுத்துட்டு வந்தாரு, தடிமனா அழுத்தின கம்பளி, அத மடிச்சு போட்டு எங்க பழைய சேணத்தையே கொஞ்ச தூரம் நடைக்கு மட்டும் வச்சுக்கறோம். முதுகு வலி தீர்ற வரைக்கும் பெரும்பாலும் கயித்த புடிச்சு நடக்க விடறதுதான். ட்ரீலெஸ்ஸ நம்பினது மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்கின கதை ஆகிருச்சு, அய்யனார் கோயில் மண்குதிரை முதுகுல கூட இது நேரா நிக்காது, சத்தியமா.

கடைக்காரன் நேத்து மெசேஜ் போட்டிருக்கான். "சார் புது வெர்ஷன் வந்திருக்கு, விதர்ஸ் பிராப்ளம் சால்வ் பண்ணிட்டோம், எக்ஸ்சேஞ்ச்ல டிஸ்கவுன்ட் தரோம்." பிராப்ளமே இல்லைன்னு எங்கிட்ட அத்தனை போன்ல சாதிச்சியேடா, அப்பறம் எதடா சால்வ் பண்ணுன?

யார்கிட்டயாச்சும் நல்லா பரந்த முதுகு, மேடு தெரியாத குதிரை இருந்தா சொல்லுங்க. சேடில் பாதி வெலைக்கு தர்றேன், உங்க லாயத்துக்கே எடுத்துட்டு வந்து ஓட்டி, வேர்க்க வச்சு, முடி ஒட்ட வச்சு பாத்துட்டு புடிச்சா மட்டும் காசு குடுங்க. பேட் மட்டும் தனி ஐட்டம்.