பனியன் ஊர்ப் பிள்ளைக்கு உலக அரசியல் எதற்கு?

சனிக்கிழமை கருத்தரங்கில் நடந்ததை நண்பர்கள் பலரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுவதையும் மீண்டும் எழுதவில்லை. அமெரிக்க இறக்குமதி வரியும் திருப்பூர்ப் பின்னலாடையும் என்ற தலைப்பில் ஓர் ஆய்வு மாணவி கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தபோது, தலைமை வகித்த பெரியவர் இடைமறித்து, “பனியன் ஊர்ப் பிள்ளைக்கு உலக அரசியல் எதுக்குங்க? அதையெல்லாம் டெல்லில இருக்கறவங்க பாத்துக்குவாங்க” என்றதும், அரங்கம் சிரித்ததும், அந்தப் பெண் தாள்களை மடித்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கியதும் இரண்டு நாட்களாக என்னை உறங்கவிடவில்லை.

உலக அரசியல் நம் தெருவில்தான் நடக்கிறது. 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்கள் மீது 25 விழுக்காடு வரி விதித்த அமெரிக்கா, ரஷ்யாவிடம் நாம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, அதே மாதம் 27 முதல் மேலும் 25 விழுக்காட்டைச் சேர்த்தது. உக்ரைன் போரும் எண்ணெயும் வல்லரசுகளின் பாதுகாப்புக் கணக்கும் ஒன்றாக வந்து இறங்கிய இடங்களில் ஒன்று, நம் கம்பெனிகளின் பேக்கிங் பிரிவு. அதை இங்கே ஆராயாமல் வேறு எங்கே ஆராய்வது?

என் அப்பா திருப்பூர் காதர்பேட்டைக்கு அருகில் எட்டுத் தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் நடத்தியவர். சிறு வயதில் வீட்டில் நான் அதிகம் கேட்ட சொல் ‘கோட்டா’. கம்பெனிக்குக் கோட்டா கிடைத்தால் எங்களுக்குத் தைக்கப் பீஸ் வரும், டெய்லர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் தடையின்றிப் போகும். கிடைக்காத மாதத்தில் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். அது, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் வரம்பு கட்ட வழிசெய்து 1974 இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தத்தின் இறக்குமதி ஒதுக்கீடு என்பதையும், 2005 சனவரி 1 அன்று அந்த ஒதுக்கீட்டு முறையே முடிவுக்கு வந்தது என்பதையும் முதுகலை படிக்கும்போது ஒரு நூலகத்தில் தற்செயலாகத்தான் அறிந்தேன். ஜெனீவாவில் பேசி முடித்த ஓர் ஒப்பந்தம் எங்கள் அடுப்பை ஆட்டிவைத்திருக்கிறது. அதைச் சொல்லித்தர எனக்கு ஒரு வகுப்பும் வாய்க்கவில்லை.

ஆய்வு செய்தால் ஆர்டர் வந்துவிடுமா என்று கேட்பார்கள். வராது. ஆனால் 2001 இல் ஐரோப்பிய ஒன்றியம் நம்மோடு போட்டியிடும் வங்கதேசம் உள்ளிட்ட மிகவும் பின்தங்கிய நாடுகளுக்குச் சுங்கவரி விலக்கு அளித்தது போன்ற முடிவுகளின் சுமை நம் ஊர் விலைப்பேச்சில் வந்து உட்காரும்போது, அது ஏன் வந்தது என்று சொல்லக்கூடியவர் நமக்குள் ஒருவராவது வேண்டாமா? உலக அரசியலைப் படித்தால் வேலை கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. இடங்கள் குறைவுதான், மறுக்கவில்லை.

டெல்லி பார்த்துக்கொள்ளும் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1932 இல் கனடாவின் ஆட்டாவாவில் பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் வரிச் சலுகைகளைப் பேசச் சென்ற இந்தியக் குழுவிலும், 1944 இல் உலக வங்கிக்கு வித்திட்ட பிரெட்டன் உட்ஸ் மாநாட்டிலும் இருந்த, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் பிறந்தது கோயம்புத்தூரில். அவரைப் பெற்ற மண்ணில் ஒரு பெண்ணின் கட்டுரையைக் கேட்டுச் சிரிக்கிறோம்.

என் ஆய்வுத் தலைப்பையும் ஒருவர் இப்படித்தான் மாற்றச் சொன்னார். மாற்றினேன், பட்டமும் வாங்கினேன். அந்த ஆய்வேட்டை அதன்பின் ஒருநாளும் திறந்ததில்லை.

இன்று காலை அந்த மாணவி அழைத்தாள். “தலைப்ப மாத்திக்கட்டுங்களா அக்கா?” என்றாள். “வேண்டாங்கண்ணு” என்றேன். அதற்குமேல் பேச எனக்குக் குரல் வரவில்லை.