பகடை மேல பழியைப் போடாதீங்க

நேத்து ராத்திரி ஒரு தம்பி கேம் ஆடின லைவைப் பார்த்தவங்களுக்கு நான் எதைப் பத்திப் பேசுறேன்னு தெரியும். அந்தத் தம்பி பேரை இழுக்க எனக்கு விருப்பமில்லை. பால்டர்ஸ் கேட் 3, ஒவ்வொரு அடியையும் பகடை உருட்டி முடிவு பண்ற கம்ப்யூட்டர் கேம். அதுல கோப்ளின்ங்கிற குட்டி அரக்கர்களோட முகாம், அங்க தலைவர்கள்ல ஒருத்தனான ட்ரோர் ராக்ஸ்லின் உட்கார்ந்திருக்கிற பெரிய கூடம். தொடர்ந்து மூணு அம்பு மிஸ். "இது கேமே இல்ல, தாயக்கட்டை"ன்னு சொல்லிட்டு அன்இன்ஸ்டால் பண்ணிட்டார். கமெண்ட்ல ஒரே கைதட்டல். நான் கணக்கைப் போட்டுக் காட்டினதுக்கு வந்த பதில்: "வந்துட்டாருப்பா கணக்கு வாத்தியார்."

சரி, இங்கேயும் கணக்கைத்தான் போடப் போறேன். ஏன்னா அந்த மூணு அம்பும் பகடையால தவறல.

அவர் அம்பு விட வெச்ச பாத்திரம் அஸ்டேரியன். அவனுக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 17, அதுக்கு +3. லெவல் 3ல புரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான கூடுதல்) +2. மொத்தம் +5. எதிரியோட ஏசி, அதாவது அடி படணும்னா மொத்தமா எட்ட வேண்டிய எண், 15னு வெச்சுக்கோங்க. இருபது முகப் பகடையில 10 அல்லது அதுக்கு மேல விழணும், அதாவது 55 சதவீதம். ஆனா அவர் கீழே நின்னு மேலே இருக்கிறவனை அடிச்சார். பள்ளத்துல நின்னா -2, அது 45 ஆகுது. அதோட ஒரு கோப்ளின் பக்கத்துலயே ஒட்டி நிக்கிறான். கைக்கெட்டுற தூரத்துல எதிரி நிக்கும்போது வில்லை எடுத்தா டிஸ்அட்வான்டேஜ்: ரெண்டு பகடை உருட்டி சின்ன எண்ணைத்தான் எடுக்கும். 45ல 45 சதவீதம், வெறும் 20. அந்த 20ங்கிற எண் கர்சருக்குப் பக்கத்துல திரையிலயே தெரிஞ்சுது! 20 சதவீத அம்பு மூணும் தவறுறதுக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. இதுல என்ன அதிர்ச்சி?

அதே ஆள் முதல் டர்ன்ல போனஸ் ஆக்ஷன்ல (ஒரு டர்ன்ல கிடைக்கிற கூடுதல் சின்னச் செயல்) டிஸ்எங்கேஜ் பண்ணி, அதாவது அடி வாங்காம விலகி, மேலே ஏறியிருந்தா +2 கிடைச்சிருக்கும். அடுத்த டர்ன்ல ஒளிஞ்சிருந்து எய்தா அட்வான்டேஜ். 65 சதவீதத்துல ரெண்டு பகடை, பெரிய எண்ணை எடுக்கும்: கிட்டத்தட்ட 88. ஸ்னீக் அட்டாக், அதாவது அட்வான்டேஜோட அடிக்கிறதுக்கான கூடுதல் டேமேஜும் சேரும். அதே அஸ்டேரியன், அதே வில், அதே பகடைதான். நின்ன இடம்தான் வேற. டர்ன் பேஸ்டு (மாறி மாறி ஆடுற) சண்டையில முக்கால்வாசி முடிவு பகடை உருளுறதுக்கு முன்னாடியே ஆயிடுது. இதைத்தான் சொன்னேன், இதைத்தான் திரும்பவும் சொல்றேன்.

"95 காட்டினாலும் மிஸ் ஆகுதே அண்ணா"ன்னு கேட்பீங்க. ஆகும். 1 விழுந்தா எப்பவும் மிஸ்தான். 40 தடவை உருட்டுற சண்டையில ரெண்டு 1 வர்றது இயல்பு. அதனாலதான் ஒரே அடியை நம்பி யாரும் திட்டம் போடக் கூடாது. நம்ம அணியில வர்ற மந்திரக்காரி ஷேடோஹார்ட்டைப் பத்தி "அவ அடிச்சா படவே படாது"ன்னு மீம் போடுறவங்க ஒரு நிமிஷம் அவளோட ஸ்டாட்ஸைத் திறந்து பாருங்க. அவளோட ஃபயர் போல்ட்ங்கிற நெருப்பு மந்திரம் இன்டெலிஜென்ஸ்ல ஓடுது, அது 10. கைடிங் போல்ட்ங்கிற ஒளி மந்திரம் விஸ்டம்ல ஓடுது, அது 17. அதே ஏசி 15 மேல ஃபயர் போல்ட் 40 சதவீதம், கைடிங் போல்ட் 55. கைடிங் போல்ட் பட்டுட்டா அடுத்து அடிக்கிறவருக்கு அட்வான்டேஜும் கிடைக்கும். அதைவிட நல்லது, முதல் டர்ன்ல மூணு பேருக்கு பிளெஸ்ங்கிற ஆசி மந்திரம். ஒவ்வொரு அடிக்கும் 1 முதல் 4 வரைக்கும் கூடும், சராசரியா 12 சதவீதத்துக்கு மேல. போட்டுட்டு அவளைப் பின்னாடி நிறுத்துங்க. அடி வாங்கினா கான்சன்ட்ரேஷன், அதாவது மந்திரத்தைத் தக்க வைக்கிற கவனம், உடையலாம், உடைஞ்சா பிளெஸ் மூணு பேருக்கும் போயிடும்.

"கார்மிக் டைஸ்னு ஒண்ணு இருக்கே, கேமே ஏமாத்துது"ன்னு ஒருத்தர். தொடர்ந்து மோசமான எண்ணே விழாம கேம் பார்த்துக்கிறதுதான் அது, செட்டிங்ஸ்ல இருக்கிற ஒரு டிக். எடுத்துடுங்க, முடிஞ்சது.

"கதைக்காக மட்டும் ஆடுறேன், எதுக்கு இவ்வளவு கணக்கு?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். சுலபமான எக்ஸ்ப்ளோரர் மோடு அதுக்குத்தான் இருக்கு, அதுல ஆடுறது கேவலமே இல்ல. ஆனா நேத்து அவர் ஆடினது கஷ்டமான டாக்டீஷியன் மோடு. அதைத் தேர்ந்தெடுத்துட்டு அதிர்ஷ்டம்னு சொல்றதைத்தான் ஏத்துக்க முடியல. அதைவிடக் கடுமையான ஹானர் மோடுல ஒரே சேவ், தோத்தா பழைய இடத்துல இருந்து லோட் பண்ண வழியே இல்ல. எல்லாம் அதிர்ஷ்டம்னா, அதை ஒரே ஆள் திரும்பத் திரும்ப முடிக்கிறது எப்படி?

எனக்கு உண்மையிலேயே வலிச்சது வேற. கமெண்ட்ல ஒரு பொண்ணு, "அப்போ நான் வாங்கல, காசு மிச்சம்"னு எழுதியிருந்தாங்க. அதுக்கும் கைதட்டினீங்க. அதிர்ஷ்டம்னு நம்பி உள்ள வர்ற புதுசானவங்க என்ன பண்றாங்க தெரியுமா? பேச்சுவார்த்தையில ஒரு ரோல் தவறினா உடனே F8, அதாவது பழைய சேவை லோட் பண்ற பட்டன். என் அக்கா பையன் முதல் மாசம் அப்படித்தான் ஆடினான். ஒரு கதவுக்காக பதினோரு தடவை லோட். இன்ஸ்பிரேஷன் நாலு புள்ளி சேர்ந்து கிடந்தது, ஒண்ணைச் செலவு பண்ணா அங்கேயே மறுபடி உருட்டலாம்னு அவனுக்கு யாரும் சொல்லல. கைடன்ஸ் மந்திரம் போட்டா 1 முதல் 4 வரைக்கும் கூடும்னும் சொல்லல. தோத்த ரோலுக்கும் இந்தக் கேம்ல கதை எழுதி வெச்சிருக்காங்க. பொய் பிடிபட்டா ஒரு சண்டை, சண்டையில சாகிற ஒரு ஆள், அந்த ஆள் இல்லாம மாறிப்போற அடுத்த அத்தியாயம். லோட் பண்ணி லோட் பண்ணி ஜெயிச்சவங்க இதையெல்லாம் பார்க்கவே இல்ல. அந்தப் பொண்ணு வாங்கவே போறதில்ல.

தம்பி இதைப் படிச்சா, சேவ் இன்னும் கிளவுட்ல இருக்கும். திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க. கூடத்துக்குள்ள நாலு பேரா வரிசையில போகாதீங்க. முகாம்ல இருக்கிற போர் முரசுகளை முதல்ல உடைங்க, இல்லைன்னா ஒருத்தன் ஓடிப்போய் அடிச்சு மத்தவங்களைக் கூப்பிடுவான். வெளி முற்றத்துல இருக்கிற சாராயத் தொட்டியில விஷத்தைக் கலக்கலாம். கட்ங்கிற கோப்ளின் பூசாரிகிட்ட உங்க பாத்திரத்தோட தலைக்குள்ள இருக்கிற புழுவைப் பத்திப் பேசுங்க, அவளே தனியறைக்குக் கூட்டிட்டுப் போவா, அங்கேயே சத்தமில்லாம முடிக்கலாம். அப்புறம் ராக்ஸ்லின். அஸ்டேரியனை மேலே உத்தரத்துல ஏத்திட்டு, சண்டை தொடங்குறதுக்கு முன்னாடியே பிளெஸ் போட்டுட்டு, மறைஞ்சிருந்து முதல் அம்பு. அந்த அம்பை விடுறதுக்கு முன்னாடி கர்சருக்குப் பக்கத்துல இருக்கிற எண்ணைப் படிங்க.