குதிரை குறைந்த கதை

"ஜப்பான்காரனுக்கு உழைப்பு ரத்தத்திலேயே ஊறியது" என்று வாரத்துக்கு ஒரு பதிவாவது கண்ணில் படுகிறது. படிக்கும்போதெல்லாம் எரிச்சல்தான். அந்த நாட்டுப் பொருளாதார வரலாற்று ஆய்வாளர்களே இதை ஏற்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அங்கே இந்தத் துறைக்கு 1930-லேயே தனிச் சங்கம் வந்துவிட்டது. சூடு ஏற்றியது மார்க்சியர்களின் சண்டை. 1868-இல் தொகுகாவா ஷோகன்களின் படைத்தலைவர் ஆட்சி விழுந்து பேரரசர் பெயரில் புது அரசு வந்ததே, அந்த மெய்ஜி மாற்றம் முதலாளித்துவப் புரட்சியா, இல்லை பழைய நிலப்பிரபுத்துவமே வேறு சட்டை மாட்டிக்கொண்டதா? புரட்சி என்றது ரோனோ அணி, பழைய சட்டைதான் என்றது கோஸா அணி. 1936-38க்குள் இரண்டு அணியிலும் ஆட்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. வெட்டிச் சண்டை என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. குத்தகை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தோண்ட வைத்ததே அதுதானே.

அப்புறம் வந்தார் பொருளாதார வரலாற்று ஆய்வாளர் ஹயாமி அகிரா. 1960களில் ஐரோப்பா போன இடத்தில், தேவாலயப் பதிவேடுகளை வைத்துப் பழைய குடும்பங்களின் பிறப்பு, திருமணம், இறப்பைக் கோத்தெடுக்கும் முறையைப் பார்க்கிறார். அதற்குத் தோதான ஏடு ஜப்பானிலும் குவிந்து கிடந்தது. ஊரில் ஒளிந்திருக்கும் கிறிஸ்தவர் யாரும் இல்லை என்று உறுதிசெய்ய, அந்த மதத்தைத் தடைசெய்திருந்த தொகுகாவா ஆட்சி எடுத்த கணக்கு அது. வீடு வீடாக யார் தலைவர், பிள்ளைகள் எத்தனை, வயது என்ன, எந்தப் பௌத்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள், சில ஊர்களில் குதிரை மாடு வரைக்கும். நிஷிஜோ என்ற ஒரே கிராமத்துக்கு 1773 முதல் 1869 வரை கிடைத்திருக்கிறது. அதை அகலத் தாளில் ஆண்டுவாரியாக ஏற்றினால் ஒரு பெண் வேலைக்கு வெளியூர் போனதும் திரும்பியதும் செத்ததும் ஒரே வரியில் தெரியும்.

நகோயா நகரைச் சுற்றியுள்ள நோபி சமவெளிக் கணக்கில்தான் அந்த விஷயம் சிக்கியது. ஆட்கள் கூடக்கூட உழவு மாடும் குதிரையும் குறைந்திருக்கின்றன. ஏர் செய்த வேலையை மண்வெட்டியோடு மனிதர்கள் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நடந்தது தொழிற்புரட்சி என்றால் இது உழைப்புப் புரட்சி என்று 1970களில் ஹயாமி பெயர் வைத்தார். ஆக, அந்த உழைப்புக்கும் ஒரு காலம் உண்டு, காரணம் உண்டு. சின்ன நிலம், குடும்பமே இறங்கிச் செய்யும் விவசாயம், பாடுபட்டால் மிச்சம் கொஞ்சம் வீட்டுக்கு. ரத்தம் எங்கே வந்தது இதில்?

இதே மாதிரி எண்ணிப் பார்க்கும் வேலையைத்தான் ஜப்பானிய வரலாற்று ஆய்வாளர் நொபொரு கராஷிமா நம் சோழர் கல்வெட்டுகளில், தமிழகக் கல்வெட்டு அறிஞர் சுப்பராயலுவோடு சேர்ந்து செய்தார். அதைத் தனியாக எழுத வேண்டும்.

எனக்கு உறுத்துவது 'உழைப்புப் புரட்சி' என்ற அந்தப் பெயர். குதிரையின் பாரம் மனிதன் முதுகுக்கு வந்ததைச் சொல்ல அது ரொம்ப இனிப்பான பெயர். அந்த முதுகுகளில் பெண்களுடையதும் உண்டு. ஏடுகள் பலவற்றில் அவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, 'மனைவி', வயது இன்னது, அவ்வளவுதான்.