இல்லாத கப்பலுக்கு எது சரியான அளவு?

அந்தப் பட்டியலைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்றுதான் இதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் லைக்கும் போட்டிருக்கிறீர்கள், அதையும் பார்த்தேன். கற்பனை விண்கலங்களின் தொழில்நுட்பக் கையேடுகளுக்கு மார்க் போட்டு, பிரான்ஸ் ஜோசப்பின் 1975 ஸ்டார் ட்ரெக் கையேட்டைக் கடைசியில் தள்ளி, "பிழைகள் மலிந்தது, வேண்டுமானால் ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதியதே, அதே பட்டியல்தான். அதுகூடப் பரவாயில்லை. நான் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டதற்கு, "சார், உணர்ச்சிவசப்படாதீர்கள், டேட்டா பேசட்டும்" என்று பதில் வருகிறது. சரி, டேட்டாவே பேசட்டும்.

என் கேள்வி ரொம்பச் சின்னது. பிழை என்றால், எதோடு ஒப்பிட்டுப் பிழை? அந்தக் கப்பல் எங்கே நிற்கிறது? யார் போய் டேப் பிடித்து அளந்தார்கள்?

"திரையில் காட்டியதோடு ஒப்பிட்டு" என்பீர்கள். திரையில் காட்டியது என்ன லட்சணம் என்று பார்ப்போமா? பழைய ஸ்டார் ட்ரெக்கின் கலிலியோ சிறுகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்துக்குச் செய்து வைத்த மாதிரியில் வளர்ந்த ஆள் ஒருவர் நிமிர்ந்து நிற்க முடியாது. உள்ளே என்று காட்டிய செட்டிலோ ஏழு பேர் தலை இடிக்காமல் நடமாடுகிறார்கள். ஸ்டார் வார்ஸ் பக்கம் போனால் மில்லேனியம் ஃபால்கன். அதன் உட்புற அறைகளை வெளிக்கூட்டுக்குள் அடக்க முயன்று தோற்காத ரசிகர் யாரும் இல்லை. பழைய கையேடுகளில் அதன் நீளம் 26.7 மீட்டர், பிறகு வந்தவற்றில் ஏறத்தாழ 35. டார்த் வேடரின் அந்தப் பெரிய கப்பல் எக்ஸிக்யூட்டர் இருக்கிறதே, அது முதலில் 8 கிலோமீட்டர், அப்புறம் 12.8, அப்புறம் 19. படம் என்னவோ அதே படம்தான், ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் கப்பல் மட்டும் வளர்கிறது. இதில் எந்த அளவை வைத்து அடுத்தவர் புத்தகத்துக்குப் பூஜ்யம் போடுவீர்கள்?

பிரான்ஸ் ஜோசப் யார் என்று அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தை இல்லை. விமானத் துறையில் பல ஆண்டுகள் வடிவமைப்பாளராக இருந்தவர். மகளும் மகளுடைய நண்பர்களும் ஸ்டார் ட்ரெக் ரசிகர்களாக இருந்ததால்தான் இதற்குள் வந்தார். தொடர் நின்றுபோய்ச் சில ஆண்டுகள் ஆன சமயம், நிறுத்தி நிறுத்திப் பார்க்க வீட்டில் வீடியோ வசதி கிடையாது, கேட்டுத் தெரிந்துகொள்ள எந்த இணையதளமும் கிடையாது. அந்த நிலையில், கதையின் முக்கியக் கப்பலான என்டர்பிரைஸின் ஒவ்வொரு தளத்துக்கும் தரைப்படம் வரைந்தார். அந்த வரைபடத் தொகுப்பில் பௌலிங் ஆடும் கூடம் ஒன்று உண்டு. இன்றைக்கும் அதைக் காட்டிச் சிரிக்கிறார்கள், பட்டியல்காரரும் சிரித்திருக்கிறார். ஐயா, 1966இல் வந்த ஓர் அத்தியாயத்தில் புத்தி பேதலித்த கப்பல் அதிகாரி ரைலி, என்ஜின் அறையைப் பூட்டிக்கொண்டு, இன்றிரவு பௌலிங் கூடத்தில் நடன விருந்து என்று அறிவிப்பான். கிறுக்கன் சொன்னதுதான். ஆனால் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அப்படியானால் கப்பலில் அது எங்காவது இருந்தாக வேண்டுமே என்று யோசித்து அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார் ஒரு மனிதர். ஆதாரம் இல்லாமல் அடித்துவிட்டார் என்று இவரைச் சொல்கிறீர்கள்.

அடுத்த குற்றச்சாட்டு, அந்தக் கையேட்டில் டிரெட்நாட் என்ற பெயரில் வரும் மூன்று என்ஜின் போர்க்கப்பல். ஒளியை மிஞ்சும் வேகம் தரும் வார்ப் என்ஜின் ஜோடியாகத்தான் இருக்க வேண்டும், இவர் ஒன்றும் மூன்றுமாக வரைந்துவிட்டார், ஆகவே தவறு. அந்த ஜோடி விதி இவர் புத்தகத்துக்குப் பிறகு வந்தது. பின்னால் போட்ட விதிக்கு முன்னால் வரைந்தவர் குற்றவாளியா? அதையும் விடுங்கள். 1979 ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில், மர்ம மேகம் ஒன்று வந்து விழுங்குவதற்கு முன் ஒரு விண்வெளி நிலையத்தில் கேட்கும் ரேடியோப் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். என்டென்ட் என்று ஒரு டிரெட்நாட் கப்பலின் பெயர் வரும். அது யார் புத்தகத்திலிருந்து போனது? 1994இல், பிறகு வந்த ஸ்டார் ட்ரெக் தொடரான நெக்ஸ்ட் ஜெனரேஷனின் கடைசி அத்தியாயத்தில் எதிர்கால என்டர்பிரைஸ் எத்தனை என்ஜினோடு பாய்ந்து வருகிறது? எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். டேட்டா பேசட்டும்.

என் பிழைப்பு டிராயிங் போர்டில் ஆரம்பித்தது என்று இங்கே பலருக்குத் தெரியும். முதல் வேலையில் ஒரு பம்ப் அறையின் வரைபடத்தை என் கையில் கொடுத்து, நேரில் போய்ச் சரிபார்த்து வா என்றார்கள். வரைபடத்தில் வால்வு சுவரின் இடப்பக்கம். நேரில் வலப்பக்கம். நடுவில் வரைபடத்தில் இல்லவே இல்லாத ஒரு குழாய், யாரோ அவசரத்துக்கு இழுத்தது, அதன் மேல் சாக்பீஸில் "தொடாதே" என்று எழுதியிருந்தது. பதறிப்போய்த் திரும்பி வந்து சொன்னேன். மேலதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எல்லா வரைபடமும் அப்படித்தான் தம்பி, மாற்றத்தைக் குறித்துக்கொண்டு வா" என்றார். கான்கிரீட்டில் நிற்கிற நிஜமான அறைக்கே வரைபடம் பொருந்தாது. வரைந்தவர் முட்டாள் என்று யாரும் அதைக் குப்பையில் போடவில்லை. அந்த ஒற்றை வரைபடத்தை வைத்துத்தான் அந்த அறை எப்படி வேலை செய்கிறது என்றே எனக்குப் புரிந்தது. நிஜத்துக்கே இந்தக் கதி என்றால், அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த மாடலுக்கு மில்லிமீட்டர் சுத்தம் கேட்பது என்ன நியாயம்?

உடனே வருவீர்கள், "அப்படியென்றால் யார் எதை வேண்டுமானாலும் எழுதலாமா" என்று. எழுதக் கூடாது. நல்ல கையேடு, மோசமான கையேடு என்று இரண்டு உண்டு, அந்த வித்தியாசத்தைத்தான் நான் தொண்டை கிழியச் சொல்கிறேன். ரிக் ஸ்டெர்ன்பாக்கும் மைக்கேல் ஒகுடாவும் 1991இல் கொண்டுவந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் கையேட்டுக்கு நான் முதலிடம் கொடுப்பேன், பட்டியல்காரர் கொடுக்கவில்லை. தொடருக்குத் திரைக்கதை எழுதுகிறவர்களுக்காக உள்ளுக்குள் தயாரித்த குறிப்புகளிலிருந்து வளர்ந்த புத்தகம் அது. 642 மீட்டர் நீளம், 42 தளங்கள், வார்ப் 9 என்றால் ஒளியைப் போல 1516 மடங்கு வேகம், எல்லாம் இருக்கிறது. அதோடு ஓரக் குறிப்புகளில் இரண்டு பேரும் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறார்கள், இதை இப்படி வைத்ததற்குக் கதையில் இன்ன தேவை இருந்தது என்று. கணினி நினைவகத்துக்குக் கிலோக்வாட் என்று ஓர் அலகு வைத்தார்கள். ஒரு தொகுதிக்கு 630,000 கிலோக்வாட். ஒரு கிலோக்வாட் எத்தனை பைட்? சொல்லவே மாட்டார்கள். சொன்னால் பத்து வருஷத்தில் நம் சட்டைப்பைக் கருவி அதைத் தாண்டிவிடும் என்று தெரிந்தவர்கள். ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் அனுப்பும் கற்பனைக் கருவியில் ஒரு பாகமான ஹைசன்பர்க் காம்பன்சேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு, "ரொம்ப நன்றாக வேலை செய்கிறது, நன்றி" என்றார் ஒகுடா. எதை அளந்து சொல்ல வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரிந்த ஆள். பட்டியல்காரர் இந்தப் புத்தகத்துக்கு மார்க்கைக் குறைத்திருக்கிறார். ஏன் தெரியுமா? "அலகுகள் தெளிவாக இல்லை."

சரி, அவர் உச்சியில் வைத்திருப்பது எதை? எதிர்பார்த்ததுதான், கர்டிஸ் சாக்ஸ்டனின் ஸ்டார் வார்ஸ் குறுக்குவெட்டுப் படங்கள், 2002 புத்தகம். ஓவியங்களை நான் குறை சொல்லவே மாட்டேன், ஒவ்வொரு பக்கத்திலும் மணிக்கணக்கில் கண்ணை மேய விடலாம். எழுதியவர் வானியற்பியலாளர், அதுவும் தெரியும். ஆனால் நம் ஆட்கள் அதைத் தலையில் வைத்து ஆடுவது ஓவியத்துக்காகவா? அந்த 200 ஜிகாடன்னுக்காக! அக்ளமேட்டர் கப்பலின் ஒரு பீரங்கி ஒரு தடவை சுட்டால் 200 ஜிகாடன் (ஒரு ஜிகாடன் என்றால் நூறு கோடி டன் வெடிமருந்தின் சக்தி), ஆகவே என்டர்பிரைஸ் பஸ்பம், ஆகவே எங்கள் ஸ்டார் வார்ஸ் கட்சி ஜெயித்தது. புத்தகத்தைத் திறப்பதே சண்டைக்குத் தோட்டா பொறுக்கத்தான். அந்தக் கப்பலுக்குள் ஆள் எங்கே தூங்குவான், பழுது வந்தால் எந்த வழியாக நுழைந்து கை விடுவான் என்று இவர்களில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"கேனான், அதாவது எது அதிகாரபூர்வக் கதை என்பது, முக்கியமில்லையா?" இல்லை. அடுத்த கேள்வி. சரி, ஒரே வரியில் முடித்தால் கோபம் வரும், சொல்கிறேன். 2014இல் ஸ்டார் வார்ஸ் தரப்பில் ஒரே ஓர் அறிவிப்பு வந்தது, அதுவரை வந்த நாவல்கள், காமிக்ஸ், கையேடுகள் எல்லாமே அதிகாரபூர்வக் கதையில் சேராத லெஜண்ட்ஸ் என்று ஒரு பக்கம் ஒதுங்கின. நீங்கள் சத்தியம் செய்கிற 200 ஜிகாடனும் அந்த மூட்டையில்தான் போனது. புத்தகத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. நேற்று சரியாக இருந்தது இன்று தவறாகிவிட்டதா?

"நீங்கள் பழைய ஆள், அதனால்தான் பழைய புத்தகத்துக்குப் பரிந்து வருகிறீர்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பதில் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், முடியவில்லை. 1995இல் வந்த, ஏலியன்ஸ் படத்தின் கலோனியல் மெரீன்ஸ் கையேட்டை இதே கூட்டத்தில் எத்தனை பேருக்குப் படி படி என்று கொடுத்திருக்கிறேன், சுலாகோ கப்பலின் 385 மீட்டர் உடம்பையும் அதில் வருகிற சிப்பாய்களின் புலம்பலையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஹேன்ஸ் கையேடுகள் வந்தபோது, கார் ரிப்பேர் புத்தகம் போடுகிறவர்கள் என்டர்பிரைஸுக்குப் போடுகிறார்கள் என்று முதலில் குதித்தது நான்தான். அப்போதெல்லாம் நான் பழைய ஆளாகத் தெரியவில்லையாக்கும்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், இனி என்ன. என்னுடைய 1975 பிரதியை ஒரு நண்பர் கேட்டு வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் சிவப்பு பேனா. டிரெட்நாட் பக்கத்தில் "தவறு" என்று எழுதி அடிக்கோடு. சீருடை பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கட்டளை மேடை வரைபடத்தில், லிஃப்ட் கதவு சரியாக நடுவில் வராமல் விலகி இருக்கிறதே, பிரான்ஸ் ஜோசப் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு கட்டளை மேடையையே திருப்பிப்போட்டுச் சரிசெய்த இடம், அதன் மேலேயே அம்புக்குறி போட்டு "இடிக்கிறது". பென்சிலாக இருந்தாலாவது அழித்திருப்பேன். உதவி செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தார், சிரித்துக்கொண்டேதான் கையில் கொடுத்தார். நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பட்டியலுக்கு முதல் ஹார்ட் யாருடையது என்று பாருங்கள்.

அதில் என்னை டேக் செய்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், விவாதத்துக்கு அங்கே நான் வருவதாக இல்லை. அப்புறம், சிவப்பு பேனா நண்பரே, என் ஹேன்ஸ் புத்தகம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. இந்த வாரமே கொண்டுவந்து கொடுங்கள். எழுதாமல்.